பிட்காயின் வாலட்டைத் திறக்கும் 12 வார்த்தைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

2 வருஷமாக மாதம் 3,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கிக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில் பிட்காயின் மாதிரி காயின்களை வாங்கி விற்கும் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றை ஹேக் செய்து சுமார் 23 கோடி டாலரைத் தூக்கினார்களே, அந்தச் செய்தியைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. போனில் ஒரு வாலட் ஆப்பைப் போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். 12 ஆங்கில வார்த்தைகளைக் காட்டி, பேப்பரில் எழுதி வையுங்கள் என்றது ஆப். பக்கத்தில் பேனா இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அப்புறம் எழுதலாம் என்று விட்டதுதான், எழுதவே இல்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் போன் மாடிப்படியில் விழுந்து, லோகோவிலேயே நின்றுவிட்டது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன். சாயங்காலம் போனால், "சாஃப்ட்வேர் போட்டாச்சுண்ணே, 1,200 கொடுங்க" என்றான் பையன். வாங்கிப் பார்த்தேன். புதுப் போன் மாதிரி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையேண்ணே." அழிக்கலாமா என்று அவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இன்றைய ஆண்ட்ராய்டில் ரீசெட் செய்தால் உள்ளே இருந்ததைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும், எந்தக் கடையிலும் மீட்க முடியாது. கூகுள் போட்டோஸில் தேடினேன். கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் இருந்தன. ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரை நாமாகப் போய் ஆன் செய்தால்தான் பேக்கப் ஆகுமாம்.

ஆப்பை மறுபடி போட்டு, என் பின் நம்பரைப் போட இடம் தேடினால், புது வாலட்டா, பழைய வாலட்டா என்று கேட்டது. பழையது என்றால் 12 வார்த்தை. பின் என்பது அந்தப் போனில் இருந்த ஆப்புக்குப் பூட்டு, அவ்வளவுதான். வங்கியைப் போல் பாஸ்வேர்டை மாற்றித் தர இங்கே ஆளில்லை. காயின் போனிலும் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில், இணையத்தில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவிதான் அந்த வார்த்தைகள். என் வாலட் முகவரி, அதாவது கணக்கு எண் மாதிரி, பழைய மெயிலில் இருந்தது. பிரவுசரில் போட்டுப் பார்த்தேன். காசு முழுசாக அப்படியே இருக்கிறது, என்னால் தொட முடியவில்லை.

அந்த நிலைமையில்தான் டெலிகிராம் குரூப் ஒன்றில் உதவி கேட்டேன். 5 நிமிஷத்தில் தனியாக மெசேஜ் வந்தது. முகவரியைக் கொடுத்தால் போதும், சாஃப்ட்வேர் வைத்து எடுத்துத் தருகிறோம் என்றார்கள். ஜிபேயில் 6,500 அனுப்பினேன். மறுநாள் "வாலட் திறந்துடுச்சு சார்" என்று என் பேலன்ஸைக் காட்டும் படம் வந்தது. அந்தத் தொகையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்து 15,000 கேட்டபோதுதான் விழித்தேன். முகவரியை வைத்து சாவியைக் கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

என் நண்பன் டைரியில் எழுதி வைத்திருந்தான். தண்ணீர் பட்டு ஒரு வார்த்தை கலங்கி, walk-ஆ wall-ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தான், திறந்துவிட்டது. வார்த்தைப் பட்டியலில் இருப்பதே 2048தான். எத்தனையாவது வார்த்தை காணவில்லை என்று தெரிந்து, மற்ற 11-உம் வரிசையாகக் கையில் இருந்தால், பொருந்தக்கூடியவை 128 அளவுக்குக் குறைந்துவிடும். பேப்பர் இருந்தால் இவ்வளவு வழி இருக்கிறது.

இன்றைக்கே எழுதுங்கள், வரிசை எண்ணோடு, இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். பெரிய தொகை போடும் முன் 500 ரூபாய்க்கு அனுப்பி, ஆப்பை அழித்து, பேப்பரைப் பார்த்துத் திரும்பத் திறங்கள். திறந்த பிறகு மீதியைப் போடுங்கள். போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "கேட்காமல் ரீசெட் போடாதே" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். என்னிடம் 6,500 வாங்கிய ஆள் படத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அதே குரூப்பில் இருக்கிறான். வாலட்டை மீட்டுத் தருகிறேன் என்று தனியாக மெசேஜ் வந்தால் பதிலே போடாதீர்கள்.