மடிப்பாக்கத்தில் ஒரு பூல் டேபிள்: எட்டு வருஷம், மூன்று துணி, ஒரு வெள்ளம்

வீட்டில் பூல் டேபிள் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்வது, அதன் ஓரத்தில் ஏறி உட்காருவது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு காலைத் தொங்கப்போட்டு. மரியாதைக்காக இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டேபிளின் ஜன்னல் பக்கத்துக் குஷனில், அதாவது ஓரத்து ரப்பர் விளிம்பில், பட்ட பந்து 'டொக்' என்று செத்து விழுந்தது. மற்ற பக்கங்களில் பட்டால் அப்படி இல்லை, துள்ளித் திரும்புகிறது. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். குஷன் ஒட்டியிருக்கும் மரச்சட்டத்தை, துணிக்கு அடியில் இருக்கும் கல்லோடு பிடித்திருக்கும் மூன்று போல்ட்டில் இரண்டு கையாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. ஸ்பானரால் முறுக்கியதும் சத்தம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து யார் உட்காரப் போனாலும் நாற்காலி எடுத்துப் போட்டுவிடுகிறேன், மாமா உட்பட.

டேபிள் 2017 தொடக்கத்தில் வாங்கியது. மூடப்போகிற ஒரு பூல் பார்லரில் இருந்து, செகண்ட் ஹேண்ட், எட்டடி. அடியில் மூன்று துண்டாக ஸ்லேட் கல். கல்லுக்குப் பதில் எம்.டி.எஃப். பலகை, அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, போட்டது பாதி விலைக்குக் கிடைத்தது. சென்னைக் காற்றில் பலகை உப்பி வளைந்துவிடும் என்று ஃபிட்டர் அண்ணன் தலையிலடித்துச் சொன்னதால் தப்பித்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு அதையே நானும் சொல்கிறேன்: காசு இல்லையென்றால் காத்திருங்கள், கல்லை விட்டு இறங்காதீர்கள்.

முதல் துணி நான் விளையாடிக் கெட்டதல்ல, மூடிவைத்துக் கெட்டது. தூசு படக்கூடாது என்று கனமான ரெக்சினில் உறை தைத்துப் போட்டிருந்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழையில் பத்து நாள் டேபிள் பக்கமே போகவில்லை. உறையைத் தூக்கினால் நனைந்த ரெயின்கோட்டை மடித்துவைத்த வாடை. துணியில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை, பந்து விழும் தோல் பாக்கெட்டுகளில் வெள்ளையாக ஒரு படலம். ரெக்சின் தூசியை விடாது, சரி. உள்ளே இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடாது. இப்போது மூடுவது அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியால். காற்று போகும், வாரம் ஒரு முறை துவைக்கலாம். ரெக்சின் பரணில் கிடக்கிறது, வெள்ளையடிக்கும்போது மட்டும் இறங்கும்.

இரண்டாவது துணியாக 2019 கடைசியில் சைமோனிஸ் கம்பெனியின் 860 ரகம் போட்டேன். தொண்ணூறு சதவீதம் கம்பளி, பத்து சதவீதம் நைலான். விலையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அதற்கப்புறம்தான் துணியைக் கவனிக்கவே கற்றுக்கொண்டேன்.

துணியை அரிக்கிற முதல் எதிரி சாக், அதாவது கியூ என்கிற அடிகோலின் நுனியில் தேய்க்கும் கட்டி. பேருக்குத்தான் சாக், உள்ளே இருப்பது மணலும் உரசுபொருளும். கியூ நுனி வழுக்காமல் பிடிப்பதே அதனால்தான். அது துணி இழைக்குள் இறங்கிவிட்டால் மேலே உருளும் ஒவ்வொரு பந்தும் உப்புத்தாளை அழுத்தித் தேய்ப்பது போல. அதனால் என் வீட்டில் இரண்டு சட்டம். டேபிளுக்கு மேலே கியூவை நீட்டிக்கொண்டு சாக் போடக்கூடாது, ஒரு அடி தள்ளி நின்று போட வேண்டும். சாக்கைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. முன்னெல்லாம் பிரஷ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குஷனுக்குக் கீழே விரலை விட்டு இழுத்தேன், விரல் நீலமாக வந்தது. அத்தனை நாள் தூளை எடுக்கவில்லை, ஓரத்துக்குத் தள்ளி ஒளித்துவைத்திருக்கிறேன். இப்போது குதிரைமுடி பிரஷ்ஷால் ஒரே திசையில் நேராக இழுத்துவிட்டு, வேக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓரங்களை உறிஞ்சுகிறேன். வட்டமாகத் தேய்ப்பதே இல்லை.

பந்தைத் துடைக்காமல் துணியை மட்டும் சுத்தம் செய்வது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பிறகு ஈரமே இல்லாமல் துடைப்பு. அவ்வளவுதான்.

பிரேக், அதாவது ஆட்டத்தின் முதல் அடி, அடிக்கும் இடத்தில் வரும் வெள்ளைப் புள்ளிகளைச் சாக் கறை என்று நினைத்து ரொம்ப நாள் துடைத்திருக்கிறேன். அது கறையே இல்லை, சூடு. ஓங்கி அடித்ததும் வெள்ளைப் பந்து உருள்வதற்கு முன்பு ஒரு கணம் சறுக்குகிறது, அந்த உரசலில் இழை பொசுங்கிவிடுகிறது. போகாது. வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். பழைய துணியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டிவைத்திருக்கிறேன். வெள்ளைப் பந்தை அதன் மேல் வைத்து பிரேக், அடித்ததும் துண்டை எடுத்துவிடுவது. "பந்துக்குப் பாய் போடுறான்" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

பூலைப் போலவே கியூவால் பந்தடிக்கும் ஸ்னூக்கருக்கு விதி எழுதி ஒட்டியது 1882இல் ஊட்டி கிளப்பில் என்பார்கள். அந்தக் குளிரில் அவர்களுக்கு என்ன கவலையோ, மடிப்பாக்கத்தில் மழைக்காலத்தில் பந்து சேற்றில் போவது போலப் போகும். பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் கல்லுக்கு அடியிலேயே ஹீட்டர் வைத்துத் துணியைக் காயவைக்கிறார்கள். நமக்கு ஏசி. விளையாடுவதற்கு அரை மணி முன்னால் டிரை மோடில் போட்டால் வித்தியாசம் தெரிகிறது.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 3, மிக்ஜாம் புயல். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொடங்கிய மழையில், மறுநாள் காலை கூடத்தில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. ஆறு பேர் சேர்ந்தாலும் டேபிள் அசையாது. அதை மேலே ஏற்ற முடியாதென்பதால் வீட்டில் இருந்த மற்றதெல்லாம் அதன் மேல் ஏறியது: அரிசி மூட்டை, துணி மூட்டை, மிக்ஸி, அப்பாவின் மருந்துப் பெட்டி. நான் வாசலில் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவும் தம்பியும் கேஸ் சிலிண்டரையும் தூக்கி வைத்துவிட்டார்கள். ஈரத்தோடு, 860 துணியின் நட்டநடுவில். உள்ளே வந்து பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. "சிலிண்டர் மிதந்து போனா பரவாயில்லையா?" என்றார் அம்மா. அதற்கும் பதில் இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து சிலிண்டரை இறக்கினால், சமையலறைத் தரையில் எல்லார் வீட்டிலும் இருக்குமே அதே துருவட்டம், பச்சைத் துணியில். எலுமிச்சை, வினிகர் என்று ஆளாளுக்கு யோசனை. எதையும் நான் தொடவில்லை. வட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை கால்களில் இருந்தது. மரம் ஊறி, ஒரு மூலை தாழ்ந்து, மெதுவாக விட்ட பந்தெல்லாம் அந்த மூலைக்கே போனது. ஜனவரி வரை ஃபேன் காற்றில் மரத்தைக் காயவிட்ட பிறகுதான் ஃபிட்டர் அண்ணன் கை வைத்தார். அவசரப்பட்டு ஈரத்தில் மட்டம் பார்த்தால் காய்ந்ததும் மறுபடி மாறும் என்றார். துணியைக் கழற்றி, ரசமட்டம் வைத்து, கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டில் இருந்து ஒவ்வொன்றாகச் செருகினார். ஒரு ஜோக்கரும் இரண்டு இஸ்பேட்டும் இன்னும் உள்ளே இருக்கின்றன. கல் சேரும் இடங்களில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, பிளேடால் வழித்தார். நகத்தால் வருடினாலும் இணைப்பு தட்டவில்லை.

மூன்றாவது துணியும் அதே 860தான். கரையானுக்கு வருஷம் ஒரு முறை மருந்து அடிக்கிறோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாயிற்று. மழை எச்சரிக்கை வந்தால் இப்போது முதலில் வேட்டிக்கு மேல் ஒரு பிளைவுட் பலகை விரித்துவிடுகிறேன், சிலிண்டர் எப்படியும் வரும்.

கழற்றிய இரண்டாவது துணியை அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். கொலு பார்க்குக்கு அதுதான் புல்தரை. துருவட்டத்தின் மேல் வட்டக் கண்ணாடியை வைத்துக் குளம் ஆக்கிவிட்டார், சுற்றிலும் நாலு வாத்து.