டிவிஷன் ஆர்டர்: வந்தபடியே கையெழுத்தா, சட்டப் படிவமா, கிடப்பில் போடுவதா?

டெக்சாஸில் நிலத்தடிக் கனிமம் தனியார் சொத்து. மேல்நிலம் ஒருவர் பெயரிலும் அடியில் உள்ள எரிவாயு இன்னொருவர் பெயரிலும் இருப்பது அங்கே சாதாரணம். (காவிரிப் படுகையில் அப்படி இல்லை. ராயல்டி, அதாவது விற்பனையில் கனிம உரிமையாளருக்கான பங்கு, மாநில அரசுக்குப் போகிறது, வயல்காரருக்கு அதில் பங்கில்லை.) கிணற்றில் வாயு விற்பனை தொடங்கும் சமயத்தில் கனிம உரிமையாளருக்கு, கிணற்றை நடத்தும் நிறுவனமான ஆபரேட்டரிடமிருந்து டிவிஷன் ஆர்டர் என்ற படிவம் வரும். உங்கள் பங்கு இத்தனை டெசிமல் (தசம எண்), ஒப்புக்கொண்டு கையெழுத்திடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

வந்தபடியே கையெழுத்திட்டு அனுப்பினால் பணம் சீக்கிரம் வரும். ஒரு பக்கத்தில் முடிகிற படிவம் என்றால் அதில் பெரிய தவறும் இல்லை. ஆனால் நாலைந்து பக்கம் நீளும் படிவங்களில் யூனிட் இணைப்பை (பல நிலங்களை ஒரே உற்பத்திப் பகுதியாகச் சேர்ப்பதை) உறுதிசெய்யும் வரியோ, நஷ்டஈட்டுப் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கும் வரியோ ஒளிந்திருக்கும்.

கையெழுத்தே போடாமல் வைத்திருப்பது வீரம் போலத் தோன்றும், லாபம் குறைவு. டெக்சாஸ் இயற்கை வளச் சட்டம் 91.402-ஆம் பிரிவு டிவிஷன் ஆர்டரில் என்னென்ன இருக்கலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறது: அமலாகும் தேதி, சொத்து விவரம், டெசிமல் பங்கு, உரிமைத் தகராறு வந்தால் பணத்தை நிறுத்தும் அனுமதி, முகவரி, வரி அடையாள எண், விலையும் பட்டுவாடாவும் எப்படி என்பது போன்றவை. இவை மட்டுமே உள்ள படிவத்தில் கையெழுத்திட மறுத்தால், ஆபரேட்டர் வட்டியில்லாமல் பணத்தை நிறுத்தி வைக்கலாம். பட்டியலைத் தாண்டிய ஷரத்துகள் இருப்பதால் நீங்கள் மறுத்தால், அந்த ஒரே காரணத்துக்காகப் பணத்தை நிறுத்த முடியாது.

அதனால்தான் நடுவழி நல்லது. அதே பிரிவு எண்ணெய்ப் பட்டுவாடாவுக்கு ஒரு மாதிரிப் படிவமும் தருகிறது. அதை வாயுவுக்கு ஏற்ப மாற்றி, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் நிரப்பிக் கையெழுத்திட்டு, ‘உங்கள் படிவத்தில் சட்டம் கேட்காத ஷரத்துகள் உள்ளன, இதை ஏற்றுக்கொள்ளவும்’ என்ற கடிதத்தோடு சான்றஞ்சலில் அனுப்புங்கள். வரி அடையாள எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவத்தையும் சேர்த்து வையுங்கள். வரி அடையாள எண் இல்லையென்றால் 24 சதவீதம் வரிக்குப் பிடித்துவிடுவார்கள்.

எந்தப் படிவமானாலும் முதலில் டெசிமலைச் சரிபார்க்க வேண்டும். 40 ஏக்கரில் பாதிக் கனிமம் உங்களுடையது என்றால் நிகரம் 20 ஏக்கர். யூனிட் 640 ஏக்கர், லீஸில் (வாயு எடுக்க நீங்கள் தந்த குத்தகை ஒப்பந்தத்தில்) ராயல்டி நான்கில் ஒரு பங்கு என்றால் 20-ஐ 640-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்க, 0.00781250 வரும். படிவத்தில் 0.00585938 என்று இருந்தால் யாரோ பதினாறில் மூன்று பங்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? 1986-இல் கவெண்டா வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஆபரேட்டர் தானே தப்பாகத் தயாரித்து, மிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டால் டிவிஷன் ஆர்டர் உரிமையாளரைக் கட்டாது. அந்த மிச்சம் வேறொரு ராயல்டிதாரர் கைக்குப் போயிருந்தால் நிலைமை வேறு. அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது விலை வரி. பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். யூனிட்டில் மாதம் 1,00,000 எம்சிஎஃப் (ஒரு எம்சிஎஃப் ஆயிரம் கன அடி) வாயு எடுத்தால் மேலே சொன்ன டெசிமலுக்கு 781.25 எம்சிஎஃப். விலை 3 டாலர் என்று வைத்தால் 2,343.75 டாலர். சேகரிப்பு, அழுத்தம் ஏற்றுதல், நீர் நீக்கல், குழாய்க் கூலி என்று எம்சிஎஃபுக்கு 90 சென்ட் கழித்தால் 1,640.63 டாலர்தான் மிஞ்சும். மாதம் 703 டாலர் காணாமல் போகிறது, அதுவும் 7.5 சதவீத உற்பத்தி வரிக்கு முன்பே. லீஸில் கழிவு கூடாது என்று எழுதியிருக்க, டிவிஷன் ஆர்டரில் ‘கிணற்று வாயில் நிகர விலை’ என்று இருந்தால் அந்த வரியை ஏற்காதீர்கள். டிவிஷன் ஆர்டர் லீஸைத் திருத்தாது என்று சட்டமே சொல்கிறதுதான். ஆனாலும் அதன்படி பணம் கைமாறிய பிறகு வாதாடி வாங்குவது வேறு வேலை. லீஸிலேயே ‘கிணற்றில் சந்தை மதிப்பு’ (கிணற்றைத் தாண்டிய செலவுகளைக் கழித்த மதிப்பு) என்று இருந்தால் எந்தப் படிவமும் உங்களைக் காப்பாற்றாது. 1996-இல் ஹெரிடேஜ் வழக்கில் கழிவு கூடாது என்ற ஷரத்தையே அந்தச் சொற்கள் செல்லாமல் ஆக்கின.

இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு. பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் எரிவாயுப் பகுதி லீஸ்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

முதல் காசோலை, விற்பனை தொடங்கிய மாதம் முடிந்து 120 நாளுக்குள் வர வேண்டும். பிறகு வாயு விற்ற மாதம் முடிந்து 90 நாள். வந்ததும் அதன் சீட்டில் உள்ள எம்சிஎஃபை, டெக்சாஸில் எண்ணெய், எரிவாயுவைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ரெயில்ரோட் கமிஷன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் உற்பத்திப் பதிவோடு ஒப்பிடுங்கள். ராயல்டித் தகராறைக் கமிஷன் தீர்க்காது, அளவைக் காட்டும், அவ்வளவுதான். பொருந்தாவிட்டால் சான்றஞ்சலில் விளக்கம் கேளுங்கள். டிவிஷன் ஆர்டரையே முடிக்க நினைத்தால் 30 நாள் எழுத்துமூல அறிவிப்பு போதும்.