மாருதி ஆம்னி வேன் முன் சீட்டுச் சூடு: ராமநாதபுரத்தில் செய்த வேலை பற்றி

கீழக்கரையிலிருந்து அத்தாவை மாதம் ஒருமுறை மதுரைக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். சித்திரையில் ஒரு நாள் திரும்பி வந்து கைலியைத் தூக்கிப் பார்த்தால் கெண்டைக்கால் பின்பக்கம் சிவந்து கிடந்தது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைவு, சூடு பட்டதே அவருக்குத் தெரியவில்லை. எங்களுடையது 2013 மாடல் ஆம்னி, முன் சீட்டுக்கு நேர் கீழே எஞ்சின். இத்தனை வருஷம் ஓடிய வண்டி, சூடு வரத்தான் செய்யும் என்று விட்டுவைத்திருந்தோம், அது தப்பு.

முதலில் இணையத்தில் ஒரு ஷீட் வாங்கி நானே ஒட்டினேன். மேலே பளபளவென்று அலுமினியத் தாள், அடியில் கறுப்புப் பிசின். இரண்டே வாரத்தில் இளகி உரிந்து, வண்டிக்குள் ஒரே தார் வாடை. உம்மா ஏறவே மாட்டேன் என்றுவிட்டார்.

அப்புறம்தான் ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட் கவர் தைக்கிற ஒரு கடைக்குப் போனேன், பக்கத்து மெக்கானிக்கும் அவரும் சேர்ந்து இந்த வேலை பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்: அந்த அண்ணன் எந்த ஷீட்டையும் எடுத்துக் காட்டவில்லை. எஞ்சின் பக்கம் ஒரு லைட்டை வைத்து, கதவு கண்ணாடியெல்லாம் துணியால் மறைத்து, என்னை உள்ளே உட்காரச் சொன்னார். சீட்டுத் தகட்டைச் சுற்றி கோடு கோடாக வெளிச்சம், வயர் நுழைகிற ஓட்டையில் இன்னும் அதிகம். "வெளிச்சம் வர்ற வழியிலதான் தம்பி சூட்டுக் காத்தும் வருது, இதை அடைக்காம மேல என்ன ஒட்டினாலும் வீண்" என்றார். தகட்டு ஓரத்து இடுக்கை அடைக்கிற பீடிங் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. அதைவிட மோசம், சைலன்சர் பைப் தொடங்குகிற இடத்தில் இருக்க வேண்டிய தடுப்புத் தகட்டையே காணோம், முன்பு வேறோர் இடத்தில் வேலை பார்த்தவர்கள் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை.

தடுப்புத் தகட்டை மாட்டும்போது பைப்போடு ஒட்டாமல் இடைவெளி விட்டே மாட்டினார். அலுமினியத் தாளுக்கும் இதே கதைதானாம், எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் சூட்டைத் திருப்பும், சூடான தகட்டோடு அழுந்தி ஒட்டியிருந்தால் அப்படியே கடத்திவிடும். நான் வாங்கிய ஷீட் அதிர்வையும் சத்தத்தையும் குறைப்பதற்கானது என்பதும் அங்கேதான் தெரிந்தது. சைலன்சருக்குத் துணிப்பட்டை சுற்றலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். நம் கடற்கரை உப்புக்காற்றில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பைப்பை அரித்துவிடும், சணல் ஃபெல்ட்டும் அப்படியே, அதில் எஞ்சின் ஆயில் ஊறினால் தீப்பிடிக்கிற பயம் வேறு. கடைசியில் ஏசி பைப்புக்குச் சுற்றுவார்களே, தண்ணீர் உறிஞ்சாத கறுப்பு நைட்ரைல் ஃபோம், அதைத்தான் போட்டார், எஞ்சின் பக்கம் இல்லை, உள்பக்கம், சீட்டு மெத்தைக்கும் தகட்டுக்கும் நடுவிலும் கால் படுகிற தகட்டின் மேல், கால்மிதி விரிப்புக்கு அடியிலும்.

பீடிங், தகடு, ஃபோம், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். வேலைக்கு முன்னும் பின்னும் மத்தியானத்தில் ஒரே தூரம் ஓட்டி, அவருடைய வெப்பமானியால் அத்தா கால் வைக்கிற இடத்தைப் பார்த்தோம்: முன்பு 61 டிகிரி, இப்போது 46. எனக்கு நம்பிக்கை வந்தது பாம்பன் பாலத்தில்தான், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை நிறுத்திவிட, ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம், காற்றோட்டமே இல்லாத அந்த நேரத்திலும் சீட்டு வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமும் நன்றாகக் குறைந்திருக்கிறது. முன் கண்ணாடி வழியாக வருகிற வெயில் அப்படியேதான் இருக்கிறது, அது தனி வேலை.

குறை என்றால், ஒரு நாள் என்று சொல்லி இரண்டு நாள் ஆக்கினார்கள். ஃபோம் தடிப்பால் சீட்டை நன்றாக அழுத்தினால்தான் கொக்கி விழுகிறது, ஓட்டுவதற்கு முன் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் காலையிலேயே போய் வண்டியை விட்டுவிடுங்கள், எஞ்சின் ஆறாமல் அவர் கையே வைப்பதில்லை, நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.