சேகரிப்பாளர் கூட்டத்துக்கு ஏற்றது எது: வேர்ல்ட்கானா, சான் டியாகோவா, செலிப்ரேஷனா?

அறிவியல் புனைகதை மாநாடுகளை ஒப்பிடுகிறவர்கள், எந்த நடிகர் வருகிறார், எந்தப் படத்தின் டிரெய்லர் வெளியாகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் மதிப்பெண் போடுவார்கள். நாலைந்து சேகரிப்பாளர்கள் சேர்ந்து கிளம்பும்போது அந்தக் கணக்கு உதவாது. தேடுகிற பொருள் அங்கே இருக்குமா? கூட வருகிறவர்களால் அது கைக்கு வருவது எளிதாகுமா, இல்லை ஒரே பெட்டிக்கு நமக்குள்ளேயே போட்டி வருமா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வேர்ல்ட்கான், சான் டியாகோ காமிக்-கான், ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன் என்ற மூன்று பெரிய மாநாடுகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

மூன்றில் மூத்தது வேர்ல்ட்கான், அதாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு. 1939 ஜூலையில் நியூயார்க்கில் சுமார் 200 பேரோடு தொடங்கியது. போரால் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. ஆண்டுக்கொரு ஊர், எந்த ஊர் என்பதை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கும் அவர்கள் ஓட்டுதான். நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். கூட்டம் பெரும்பாலும் சில ஆயிரத்தைத் தாண்டாது, அதுதான் நமக்கு லாபம். எழுத்தாளர்கள் கையெழுத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு முறைக்கு இத்தனை புத்தகம்தான் என்று வரம்பு வைப்பார்கள்; மேலும் இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்க வேண்டும். பெயர் கொடுத்து இடம் பிடித்தால் பத்துப் பேர் மட்டும் ஒரு மேசையைச் சுற்றி எழுத்தாளரோடு உட்கார்ந்து பேசலாம். அப்படிப் பேசிய பிறகு அதே புத்தகத்தை அவரிடமே நீட்டும்போது கிடைக்கிற கையெழுத்து வேறு ரகம். பெயர் எழுதி வாங்குவதா, வெறும் கையெழுத்தாக வாங்குவதா என்பது தனிச் சண்டை. வெறும் கையெழுத்துக்குச் சந்தையில் மதிப்பு அதிகம். ஆனால் பத்துப் புத்தகத்தில் வெறும் கையெழுத்து கேட்கிறவரை எழுத்தாளர் வியாபாரியாகத்தான் பார்ப்பார், அதில் தப்பும் இல்லை.

வேர்ல்ட்கானில் கூட்டாளி என்றால் இன்னொரு ஜோடிக் கண். பழைய புத்தக மேசை முன்னால் நிற்கும்போது இது புரியும். முதல் பதிப்பு என்று விலை போட்ட ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அது புத்தகக் கிளப் பதிப்பாக, அதாவது கிளப் உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்ட மறுபதிப்பாக இருக்கலாம். பரிசாகக் கொடுத்தவர் விலை இருந்த மூலையை வெட்டியிருக்கவும் கூடும். அப்போது மேலுறையைக் கழற்றிப் பின்னட்டையின் கீழ்ப்பகுதியை, முதுகுக்குப் பக்கத்தில், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சிறு வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு பள்ளம் அழுந்தியிருந்தால் அது கிளப் பதிப்பு, மேலே பேச்சே இல்லை. பள்ளம் இல்லை என்பதாலேயே முதல் பதிப்பு ஆகிவிடாது. பதிப்புரிமைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆசை கண்ணை மறைக்கும் நேரத்தில் இதையெல்லாம் நினைவுபடுத்தப் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. ஓவியக் கண்காட்சியில் மட்டும் உஷாராக இருங்கள். படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தாளில் விலையை எழுதி ஏலம் கேட்கும் முறை அது. எது யாருக்கு என்று முந்தின இரவே பேசிக்கொள்ளாவிட்டால் நண்பரின் விலையை நாமே ஏற்றிவிடுவோம்.

வேர்ல்ட்கானின் குறையையும் சொல்லிவிட வேண்டும். விற்பனைக் கூடத்தில் பழைய புத்தகக்காரர்களோடு நகை, டீ-ஷர்ட், கைவினைப் பொருள் கடைகளும் இடம் பிடித்திருக்கின்றன. மாநாடு கடல் கடந்து போகும் ஆண்டில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வைத்திருக்கும் வியாபாரி சரக்குக் கட்டணத்துக்கும் சுங்கத்துக்கும் பயந்து வராமல் போகலாம். யோகோஹாமா, செங்டு, கிளாஸ்கோ என்று சுற்றுகிற மாநாடு என்பதால், கிளம்பும் முன் அந்த ஆண்டின் கடைப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

சான் டியாகோ காமிக்-கான் நேர் எதிர். 1970 ஆகஸ்டில் நடந்த அதன் முதல் மூன்று நாள் மாநாட்டுக்கு வந்தவர்கள் 300 பேர் அளவில்தான். இப்போது 1,30,000 பேருக்கு மேல். நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு, ஆனால் அரங்கின் பெரும்பகுதி நிறுவனங்கள் கையில். அங்கே சேகரிப்பாளரை இழுப்பது மாநாட்டுக்கென்றே தயாரித்த பொம்மை போன்ற பொருள்களின் சிறப்புப் பதிப்புகள். அவற்றை வாங்கப் பணம் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். நுழைவு அட்டைக்கே இணையத்தில் காத்திருப்பு வரிசை. யாரை எப்போது உள்ளே விடும் என்பது கணினியின் இஷ்டம். முக்கியமான சில கடைகளில் பொருள் வாங்கும் நேரத்துக்குத் தனிக் குலுக்கல்.

இங்கே கூட்டாளி என்றால் இன்னொரு குலுக்கல் சீட்டு. அட்டை விற்பனையில் உள்ளே நுழைந்த ஒருவர் தனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வாங்கலாம் என்பது வழக்கம். ஆகவே ஆறு பேர் ஆறு இடத்திலிருந்து முயன்றால் யாராவது ஒருவருக்குக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். குலுக்கலிலும் அப்படியே: எனக்கு வேண்டாத கடை எனக்கு விழும், எனக்கு வேண்டியது உங்களுக்கு விழும். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மாநாடு தொடங்கும் முன் புதன்கிழமை மாலை நடக்கும் முன்னோட்ட இரவுக்கு ஒருவருக்காவது அட்டை கிடைத்தால் கூட்டத்தின் பட்டியல் முழுவதும் அவர் தலையில். பந்திக்கு முந்து என்று சொன்னவர் இந்த இரவை நினைத்தே சொன்ன மாதிரி இருக்கும்.

ஆனால் எனக்கு இதில் ஈடுபாடு குறைவு. பெரிய பட நிகழ்ச்சிகள் நடக்கும், சுமார் 6,500 பேர் உட்காரும் எச் அரங்குக்காக விடிய விடியப் படுத்துக் கிடப்பவர்களைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர்கள் சந்தோஷம். சேகரிப்பாளன் என்ற முறையில்தான் கேட்கிறேன்: சிறப்புப் பதிப்பு என்பது அரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தே தயாரிக்கும் பொருள். அதே பொம்மை சில மாதத்தில் பெட்டி நிறம் மாறிக் கடைக்கு வருவதும் உண்டு. நாலு நாள் நின்று வாங்கியதில் தேடல் எங்கே இருக்கிறது?

தேடல் வேண்டுமென்றால் ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன். ஸ்டார் வார்ஸ் என்ற ஒரே கதை உலகத்துக்கான மாநாடு, ஆண்டுதோறும் நடப்பதில்லை. முதலாவது 1999இல் டென்வரில், விமான அருங்காட்சியக வளாகத்தில் கூடாரம் போட்டு நடந்தது. மழையில் நனைந்ததைப் பழைய ஆட்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். 2025இல் ஜப்பானின் சிபாவில் நடந்தது. அடுத்தது 2027 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் என்று அறிவித்திருக்கிறார்கள். நடிகர்களின் கையெழுத்துக்குக் கட்டணம் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

ஆனால் சேகரிப்பதைப் பற்றியே உரைகள் நடக்கும் மாநாடு இது. உதாரணத்துக்கு 1978இல் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட ஜாவா பொம்மை; ஜாவா என்பது ஸ்டார் வார்ஸில் வரும் குட்டை உருவப் பாத்திரம். முதலில் வினைல் மேலங்கியோடு வந்தது. மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். வினைல் அங்கி ஜாவாவுக்கு இன்று பெரிய விலை, அதனால் போலிகளும் ஏராளம். இன்னொரு ஸ்டார் வார்ஸ் பாத்திரமான பென் கெனோபி பொம்மையின் அங்கியை வெட்டிச் சின்னதாக்கி மாட்டிவிடுவது பழைய தந்திரம். கை நுழையும் துளையின் வடிவம், வினைலின் மேற்பரப்பு, ஓரம் வெட்டப்பட்ட விதம் மூன்றையும் அசலோடு வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். படத்தைப் பார்த்துக் கற்பது ஒன்று, அசலைச் சொந்தமாக வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று காட்டுவது வேறு. அப்படிக் காட்டுகிற ஆட்களை அங்கே தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று பண்டமாற்று. ரசிகர்கள் சொந்தச் செலவில் பேட்ஜ், துணி ஒட்டு, நாணயம் எல்லாம் செய்து கொண்டுவந்து வரிசையில் நிற்கும்போதே மாற்றிக்கொள்வார்கள். இரவில் ஹோட்டல் அறையில் கட்டில்மேல் பொம்மைகளைப் பரப்பி விற்பவர்களும் உண்டு. கூட்டாளி இங்கே அறிமுகச் சீட்டு: ஒருவருக்குத் தெரிந்தவர் எல்லோருக்கும் தெரிந்தவர் ஆகிவிடுவார். சிக்கல் என்னவென்றால் எல்லோரும் ஒரே பொருளைத் தேடுவது. சரி, அதற்கு ஒரு வழி இருக்கிறது: யாருக்கு எதில் முதல் உரிமை என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது. கடை வரிசைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துத் தேடி, கண்ணில் பட்டதைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பி, உரிமைக்காரர் வேண்டாம் என்றால்தான் அடுத்தவர். அரிய பொருளுக்கு இது முதல் மணி நேரத்திலேயே நடக்க வேண்டும். சாதாரணப் பொருளுக்குக் கடைசி நாள் பிற்பகல்தான் நல்லது, திரும்பக் கட்டிச் சுமக்க விரும்பாத வியாபாரி விலை இறங்குவார்.

ஆக, புத்தகமும் ஓவியமும் சேர்ப்பவர்களுக்கு வேர்ல்ட்கான், பழைய பொம்மைக்காரர்களுக்குச் செலிப்ரேஷன் என்பேன். ஆளுக்கொரு திசை என்று கலந்த கூட்டமானால் மட்டும் சான் டியாகோ. ஒருவர் காலை ஒருவர் மிதிக்காத அளவுக்கு அங்கே சரக்கு இருக்கிறது.

1926 ஏப்ரலில் அமேசிங் ஸ்டோரீஸ் இதழ் தொடங்கி வைத்த காலத்து அறிவியல் புனைகதைப் பல்ப் இதழ்களை, அதாவது மலிவுத் தாளில் அச்சிட்ட கதை இதழ்களை மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் நடக்கும் பல்ப்ஃபெஸ்ட் போன்ற சிறிய சந்தைக்குப் போகலாம். அங்கே இதழைக் கையில் எடுத்ததும் விரிக்காதீர்கள், முதலில் ஓரங்களைப் பாருங்கள். அமிலம் ஏறிய மரக்கூழ்த் தாள், பழுப்புத் தூள் உதிர்ந்தால் உள்ளே புரட்டும் வேலையை வியாபாரியிடமே விட்டுவிடுங்கள்.