மேப் அருமை, ஆனா ரேட்டிங் 5க்கு 2 தான்

நகரத் திட்டத்துக்கு மக்கள்கிட்ட கருத்து கேக்குற ஆப்பை ரொம்ப நாளா யூஸ் பண்றியே, நானும் சேரலாமான்னு ஃப்ரெண்ட் கேட்டான், அதான் இந்த பதிவு. லாகின், ஓடிபி, போட்டோ அப்லோட் எல்லாம் தெரிஞ்ச கதை, விட்டுடுறேன்.

முதல்ல அந்த மேப். ரோடு அகலப்படுத்துற பிளான் மேல நேரா பின் குத்தி "இந்த திருப்பத்துல கிராஸ் பண்ண முடியல"ன்னு எழுதலாம். எழுதப் போனா அதே இடத்துல ஏற்கனவே அஞ்சாறு பின் கிடக்கு, வீல்சேர்ல போறவர் பிளாட்பாரத்துக்கு சரிவு இல்லன்னு போட்டிருக்கார், ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணு லைட் இல்லன்னு எழுதியிருக்கு. கருத்துக்கேட்பு கூட்டத்துல இவங்களுக்கெல்லாம் மைக் கிடைச்சு நான் பார்த்ததே இல்ல. இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனா அந்த "பரிசீலனையில் உள்ளது"!! எது போட்டாலும் இதே ஸ்டேட்டஸ், மாசக்கணக்கா மாறாது, யார் பாக்குறாங்க எப்ப முடிவு தெரியும் ஒண்ணும் கிடையாது. ரோடு, வடிகால், கரண்ட்னு நாலு டிபார்ட்மென்ட் பாத்து சொல்லணும், லேட் ஆகும், புரியுது. முடியாதுன்னா காரணத்தோட முடியாதுன்னு சொல்லுங்க, ஏத்துக்குறேன். பதிலே இல்லாம தொங்க விடுறதுதான் தாங்கல.

செய்ய முடியாத விஷயமும் இல்ல. பார்சிலோனால 2016ல வந்த டெசிடிம்ங்கிற இதே மாதிரி கருத்து கேக்குற சைட்ல யோசனையை ஏத்துக்கிட்டாங்களா தள்ளினாங்களா, என்ன பதில், வேலை எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு காட்டவே தனி பகுதி இருக்கு, ஓபன் சோர்ஸ் வேற, லைசென்ஸ் காசு கிடையாது. மாட்ரிட்ல 2015ல ஆரம்பிச்ச சைட்ல, 16 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 1 சதவீதம் பேர் ஆதரிச்சாதான் யோசனை ஓட்டெடுப்புக்கு போகும். அது பெரிய மலைதான், ஆயிரக்கணக்கான யோசனைல 2017ல ஓட்டுக்கு போனது ரெண்டே ரெண்டு. ஆனாலும் நாம எங்க நிக்குறோம்னு அங்க தெரியும்ல.

மேப்பை இவ்வளவு புகழ்ந்துட்டு 2 ஸ்டாரான்னு கேட்டா, ஆமா, இப்போ மனசு அப்படித்தான் சொல்லுது. நீ சேரு, பின் குத்து. ஆனா வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணைன்னா ஆப்ல போட்டதோட நிறுத்தாத, பல இடத்துல அது சட்டப்படி ஆட்சேபணையா கணக்குல வராது. அறிவிப்புல சொன்ன கெடுவுக்குள்ள எழுத்துல குடுத்து, ரசீது வாங்கி வெச்சுக்கோ.