வால்வு ஆம்ப்ளிஃபயர்: வேலூர் வீட்டுக்குக் கத்தோட் பயாஸா, ஃபிக்ஸட் பயாஸா?

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது எல்லோரும் வால்வின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதை வீட்டிலேயே பராமரிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கு எந்த வகை பயாஸ் என்று. பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஏற்பாடுதான் பயாஸ்.

வால்வுக்குள் கத்தோடிலிருந்து ஆனோடுக்கு எலக்ட்ரான் பாயும், நடுவில் இருக்கும் கிரிட் அதைக் கட்டுப்படுத்தும். கத்தோட் பயாஸில் கத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். மின்னோட்டம் ஏறினால் அதன் மேல் வோல்ட் ஏறும். கிரிட் அந்த அளவுக்கு நெகட்டிவாகி மின்னோட்டத்தை இழுத்துப் பிடிக்கும். திருகுவதற்கு எதுவும் கிடையாது. ஃபிக்ஸட் பயாஸில் கிரிட்டுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட் வரும். அதை பிரீசெட்டில் (ஸ்க்ரூ டிரைவரால் திருகும் சின்ன ரெசிஸ்டர்) நாம்தான் வைக்க வேண்டும், வால்வு மாற்றும்போதெல்லாம் மறுபடியும்.

பதிலுக்கு ஃபிக்ஸட் பயாஸ் பவரைத் தரும். ஒரு ஜோடி இஎல்34 வால்வை வைத்து முல்லார்டின் 5-20 சர்க்யூட் கத்தோட் பயாஸில் 20 வாட் தந்தது. டைனகோ ஸ்டீரியோ 70, சேனலுக்கு அதே மாதிரி ஒரு ஜோடியில், ஃபிக்ஸட் பயாஸில் 35 வாட். பெரிய வித்தியாசமாகத் தெரியும், காதுக்கு அது இரண்டரை டெசிபெல்கூட வராது. ஆனால் தவில் தனியைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள்: கத்தோட் பயாஸில் தொடர்ந்து அடி விழும்போது பயாஸ் நகர்ந்து, தொப்பியின் (தவிலின் இடப்பக்கம்) அடி கொஞ்சம் தளரும். ஃபிக்ஸட் பயாஸ் அசையாது. இந்த ஒரு விஷயத்தில் அதுதான் ஜெயிக்கிறது.

அளப்பது எப்படி? ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் ஒவ்வொரு கத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் வேலை சுலபம். மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லியாம்பியர். இஎல்34 ஆனோடு 25 வாட் தாங்கும். அதில் 65 சதவீதத்துக்கு வைத்தால், 400 வோல்ட்டில், சுமார் 40 மில்லியாம்பியர். ஸ்பீக்கரை மாட்டி, பாட்டு ஓடாமல், இருபது நிமிடம் சூடான பிறகு பாருங்கள். 36இல் தொடங்கிய எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். நின்ற பிறகுதான் பிரீசெட்டைத் தொட வேண்டும். கத்தோட் பயாஸில் ரெசிஸ்டர் மேல் உள்ள வோல்ட்டை ஓமால் வகுத்தால் போதும்: இஎல்84இல் 270 ஓம் மேல் 11 வோல்ட் இருந்தால் ஏறக்குறைய 40 மில்லியாம்பியர்.

உள்ளே அளக்கும்போது ஷாக் அடிக்காமலிருக்க ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 400 வோல்ட் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

நம்ம ஊருக்கு வருவோம். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும். கரண்டின் வோல்ட் பகலில் ஒரு மாதிரி இருக்கும், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் ராத்திரியில் வேறு மாதிரி. ஃபிக்ஸட் பயாஸ் வைத்திருப்பவர் வோல்ட் உயர்ந்திருக்கும் நேரத்தில் செட் செய்வது நல்லது. அதைவிட முக்கியம் பிரீசெட்டின் தூசி. அதற்குள் நகரும் முனையான வைப்பர் தொடர்பு விட்டுப் போனால் நெகட்டிவ் வோல்ட் போய், ஆனோடு தகடு சிவந்துவிடும். வைப்பரிலிருந்து நெகட்டிவ் பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டிருந்தால் அப்போதும் வால்வு பிழைக்கும். நிறைய செட்டில் அது இல்லை. கத்தோட் பயாஸின் பலவீனம் வேறு: ரெசிஸ்டர் சூட்டில், பக்கத்திலேயே இருக்கும் கண்டன்சர் காய்ந்து போகும். அதைத் தள்ளி வைத்துப் பற்றவைத்தால் நீண்ட நாள் வரும். முந்தைய வால்விலிருந்து கிரிட்டுக்குப் பாட்டை மட்டும் விடும் கப்ளிங் கண்டன்சர் கசிந்தால் இரண்டுமே ஆபத்துதான்.

சாதாரண ஹாலில், தினமும் கேட்பவருக்கு, மீட்டர் பிடித்துப் பழகாத வீட்டுக்கு, என் ஓட்டு கத்தோட் பயாஸுக்கே. மாதம் ஒருமுறை மீட்டரை எடுக்க மனசிருந்தால் ஃபிக்ஸட் பயாஸ் வாங்கலாம். வாங்குவதற்கு முன், ஒவ்வொரு வால்வுக்கும் தனி பிரீசெட் இருக்கிறதா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.