துணை ஆளுநர்: டெக்சாஸ் முறையா, மினசோட்டா முறையா?

அமெரிக்க மாநிலத் துணை ஆளுநரைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதா, ஆளுநரோடு ஜோடியாகவா? புதுச்சேரியைப் போல மத்திய அரசின் நியமனம் இல்லை இது, தேர்தல் பதவி.

தேர்தல்
டெக்சாஸ்: தனி ஓட்டு. 1995-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக் துணை, இருவரும் ஒத்துப்போனார்கள்.
மினசோட்டா: 1974 முதல் இருவருக்கும் ஒரே ஓட்டு.

அதிகாரம்
டெக்சாஸ்: மாநில செனட்டின் (சட்டமன்ற மேலவையின்) தலைவர் இவரே. குழுக்களை அமைப்பதும், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும் என்பதும் இவர் கையில். ஆளுநரைவிட இவருக்கே பலம் என்பாரும் உண்டு. சம்பளமோ மாதம் 600 டாலர்தான்!
மினசோட்டா: ஆளுநர் தரும் வேலைதான்.

பதவி காலியானால்
மினசோட்டாவில் மாநில செனட் தலைவர் துணை ஆளுநராவார். 2018-இல் துணை ஆளுநர் டீனா ஸ்மித் அமெரிக்க செனட்டுக்குப் போனதும், மாநில செனட் தலைவராக இருந்த எதிர்க்கட்சியின் மிஷெல் ஃபிஷ்பாக் அந்த இடத்துக்கு வந்தார். ஜோடித் தேர்தலின் நோக்கமே அடிபட்டுப்போனது. இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

ஆளுநருக்குக் கடிவாளம் வேண்டுமென்றால் டெக்சாஸ் முறை. ஆளுநர் விலகித் துணை ஆளுநர் அந்த இடத்துக்கு வந்தாலும் மக்கள் தேர்ந்த ஆட்சியே தொடர வேண்டுமென்றால் மினசோட்டா முறை. என் ஓட்டு இதற்குத்தான்.